எல்ஸா கார்வோனெனின் நாற்பத்தொரு நிமிடங்கள்

தேவாலயத்தின் கீழ்க்கூடத்தை இன்று நமக்காகத் திறந்துவிட்டிருக்கும் போதகர் அவர்களே, நம் கூட்டுறவு இணையச் சங்கத்தின் தலைவர் பெர்னிஸ் ஆஹோ அம்மையார் அவர்களே, எல்ஸாவின் கணவரும் என் அருமை நண்பருமான மார்ட்டின் அவர்களே, இந்தப் பனியிலும் வண்டியோட்டி வந்து, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் ஆஷ் ஹார்பர் மக்களே! உங்கள் அனைவருக்கும் ரேமண்ட் வுகெலிச்சின் வணக்கம்.

பொறியாளர் எல்ஸா கார்வோனென் மறைந்துவிட்டார். சென்ற செவ்வாய்க்கிழமை காலை, அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் அவரோடு கோபுரம் ஏறியவன், கம்பி இழுத்தவன், அவரிடம் திட்டு வாங்கியவன் என்ற தகுதியில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். புகழ வேண்டிய நேரம் இது. புகழத்தான் போகிறேன். ஆனால் எதற்காகப் புகழ்வது என்பதில் மூன்று நாளாக எனக்குக் குழப்பம். எழுதிக்கொண்டு வந்த தாளைப் பாருங்கள், பாதிக்கு மேல் அடித்துவிட்டேன்.

தெளிவாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன்.

நம் ஊருக்கு ஒரே ஒரு பெரிய இணையக் கம்பெனி இருந்த காலம் அது. எல்ஸா அங்கேதான் வேலை பார்த்தார். ஒரு நாள் மேலாளர் ஒரு பட்டியலைக் கொண்டுவந்து அவர் மேசையில் போட்டார். கம்பெனியின் சொந்தப் படச் சேவை தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும். போட்டிக்காரர்களின் படங்கள் நின்று நின்று ஓட வேண்டும். நூலகத்தின் பாடங்கள் கடைசியாகப் போனால் போதும்.

"ஏன் சார் இப்படி?" என்று எல்ஸா கேட்டிருக்கிறார்.

"அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? சொன்னதப் போடு."

"தபால்காரர் ஒருத்தர், கடுதாசி யாருகிட்டேருந்து வருதுன்னு பாத்துட்டு, இது இன்னைக்கு, இது அடுத்த வாரம்னு குடுத்தா நீங்க சும்மா இருப்பீங்களா?"

"நாம தபால்காரன் இல்லம்மா. ரோடே நம்மளுது."

"அப்ப உங்க ரோட்ட நீங்களே வச்சுக்கங்க. நான் கெளம்புறேன்."

கிளம்பியே விட்டார்! ஜனவரி மாதம், அடுத்த வேலை கையில் இல்லாமல்! நம்மில் எத்தனை பேர் அப்படிக் கிளம்பியிருப்போம்? நான் கிளம்பியிருப்பேனா?

அதன்பிறகு வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். மூடிக் கிடந்த செம்புச் சுரங்கத்தின் கோபுரத்தில் ஆன்டெனா மாட்ட என்னை ஏற்றிவிட்டு, கீழே நின்றபடி, "ரே, எடது பக்கம்யா! ஒன்னோட எடது இல்ல, என்னோட எடது!" என்று கத்துவார். அப்படி உருவானதுதான் இந்தச் சங்கம். அதன் விதிகளில் முதல் வரியை அவரே எழுதினார்: யாருடைய தகவலும் யாருடைய தகவலையும் முந்தாது, ஒரே வரிசை. நாடு முழுவதுக்குமாக வாஷிங்டனில் இதே விதி வந்தது, போனது, திரும்ப வந்தது, நீதிமன்றத்தில் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் நான் பதறுவேன். "அங்க என்ன வேணா நடக்கட்டும்யா. இங்க ஒரே வரிசதான்" என்பார்.

இதுவரை எனக்குக் குழப்பமில்லை, நண்பர்களே.

சென்ற ஆண்டுப் பனிப்புயல் உங்களுக்கு மறந்திருக்காது. மரங்கள் சாய்ந்து பிரதான கம்பி அறுந்தது. மூன்று நாள் முழு ஊருக்கும் கோபுரத்து அலைவரிசை ஒன்றுதான் மிச்சம். ஒரு சின்ன ஓடையின் தண்ணீரை ஊரே உறிஞ்சியது போல. நூலகத்தில் அவசரக் கூட்டம் போட்டோம். பனிச்சறுக்கு விடுதிக்காரர் தன் விருந்தினர்களுக்கு முதலிடம் கேட்டார். பள்ளிக்கூடம் கேட்டது. எல்ஸா எழுந்தார். "ஆஸ்பத்திரிக்குத் தனியா சாட்டிலைட் இருக்கு. ஆம்புலன்ஸ் போன் வேல செய்யுது. மத்த எல்லாரும் ஒரே வரிச. கவர்னரே வந்தாலும் பின்னால நிக்கட்டும்." முதலில் கை தட்டியவன் நான்.

மறுநாள் மதியம் எங்கள் வீட்டில் என் மகள் மரிட்சாவுக்குப் பிரசவ வலி. நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தோம். சாலை மூடிக் கிடந்தது, ஆம்புலன்ஸ் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. மார்கெட் என்கிற நகரத்திலிருந்து டாக்டரம்மா திரையில் வந்தார். படம் உறைந்தது, குரல் அறுந்தது. நான் எல்ஸாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "இன்னைக்கு வேலைக்கு வர முடியல. டாக்டரம்மா மூஞ்சியே தெரிய மாட்டேங்குது எல்ஸா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அது சொன்னதா, கேட்டதா? சத்தியமாக எனக்கே தெரியவில்லை.

"சரி, போன வை" என்றார்.

சற்று நேரத்தில் படம் கண்ணாடி போல் தெளிந்தது. குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. விரலை எங்கே விட வேண்டும், எப்படி நழுவவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லச் சொல்ல, என் மனைவி செய்தாள். குழந்தை அழுதது. கடவுளின் கருணை என்று நாங்கள் மண்டியிட்டோம்.

அதே நேரத்தில் நம் லீலண்ட் ட்ரெவாரோ, டுலூத் நகர மருத்துவமனையில் கிடந்த தன் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தார். திரை உறைந்தது. திரும்ப வரவில்லை. மாலையில் தம்பி இறந்துபோனார். அடுத்த வாரம் லீலண்ட் அலுவலகத்துக்கு வந்து எல்ஸாவிடம் கேட்டார்: "ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னைக்கு எனக்கு முன்னால யாரையாவது விட்டியா?"

பதில் சொன்னது நான். "என்ன பேச்சு லீலண்ட் இது? இங்க யாராவது யாரையாவது முந்த முடியுமா?" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். எல்ஸா காப்பி ஊற்றப் போய்விட்டார்.

எல்ஸா மறைந்த பிறகு பொறுப்பை ஏற்க அவருடைய கணினியைத் திறந்தேன். வரிசையில் செய்த மாற்றங்களின் பதிவு அதில் இருந்தது. பத்தொன்பது ஆண்டில் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு வீட்டுக்கு முதலிடம் தரப்பட்டிருக்கிறது. என் வீட்டுக்கு. மதியம் ஒன்று இருபது முதல் இரண்டு ஒன்று வரை. நாற்பத்தொரு நிமிடம். காரணம் எழுதவில்லை. நினைத்திருந்தால் அந்தப் பதிவை அவர் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. ஏன்? மார்ட்டின், உங்களிடமும் அவர் சொல்லவில்லை என்றீர்கள்.

தன் விதியை மீறினாரே, அதற்காக அவரைக் குறை சொல்வதா? என் பேத்தி வீடா மூச்சு விடுகிறாளே, எப்படிச் சொல்வேன்? மீறியதற்காகப் புகழ்வதா? லீலண்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிப் புகழ்வேன்? அந்தத் தம்பியின் கடைசி வார்த்தை எங்கள் படம் தெளிந்தபோதுதான் அறுந்ததா, இல்லை எப்படியும் அறுந்திருக்குமா? பதிவில் அது இல்லை. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

நேற்று லீலண்டின் வீட்டுக்குப் போனேன். வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மண்வெட்டியைப் பனியில் ஊன்றினார்.

"கொழந்த பேரு என்ன?"

"வீடா."

"செத்தவமேல கோவப்பட எனக்கு வரல. நீ உசுரோட இருக்க. கொஞ்ச நாளைக்கு ஒம்மேல கோவமா இருந்துக்கறேன்."

"இருங்க" என்றேன்.

"நாளைக்குக் கூட்டத்துல நீயே சொல்லிடு, ரே. நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன்."

சொல்லிவிட்டேன், நண்பர்களே. சொன்னால் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை.

ஆனாலும் பணி நிற்காது. எல்ஸா எழுதிய முதல் வரியை நாம் காப்போம்! வாஷிங்டனில் விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காப்போம்! பெரிய கம்பெனி திரும்பி வந்து பல்லைக் காட்டினாலும் காப்போம்! மாற்றங்களின் பதிவு இனி வெள்ளிக்கிழமைதோறும் நூலகச் சுவரில் ஒட்டப்படும். என் வீட்டு முகவரி உள்ள பக்கம்தான் முதல் பக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாளை மறுபடி என் மகள் அலறினால் நான் என்ன செய்வேன்? நானும் என் வீட்டுக்கு முதலிடம் தந்துவிடுவேன் என்றுதான் பயப்படுகிறேன். எல்ஸாவாலேயே முடியாதது என்னால் முடியுமா? ஆகவே நேற்றிரவு சங்கத் தலைவரிடம் சொன்னேன்; சங்கம் முடிவு செய்திருக்கிறது: இனி எந்த மாற்றத்துக்கும் இரண்டு பேருடைய கடவுச்சொல் வேண்டும். ஒன்று என்னிடம் இருக்கிறது. மற்றொன்றை அமைக்க இன்று காலை லீலண்ட் ட்ரெவாரோ அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடவுச்சொல்லைத் தட்டுமுன், என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார்.

திரும்பி நின்றேன்.