எங்கடை பாரசீகன்

"ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் எங்கடை அண்ணைமார் மாதிரித்தானடி."

புத்தூரிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கிரேக்க நாகரிகம் படிக்கும் இரண்டு உயர்தர மாணவிகள். ஒருத்தியின் அண்ணன் கிழக்குக் காற்பந்துக் கழகத்தின் கப்டன், மற்றவளின் அண்ணன் மேற்குக் கழகத்தின் கப்டன். இதைப் பஸ் முழுக்கக் கேட்டது. நித்திரை கொள்வதுபோல் நடித்தவன் நான் ஒருவன்தான்.

"ஒரு கோலுக்குச் சண்டை பிடிச்சு, பக்கத்து ஊர்க் கழகங்களையும் கூட்டுச் சேர்த்தினம்."

"கிரேக்கரெண்டாலும் பாரசீகன் படையெடுத்து வரேக்கை ஒண்டாய் நிண்டவை."

"எங்கடை பாரசீகன் கனடா விசா. பெடியள் எல்லாம் அங்கை போயிட்டாங்கள். அண்ணையிட்டை இப்ப ஆறு பேர்தான். சுற்றுப்போட்டிக்குப் பேர் குடுக்கேலாதாம்."

"எங்கடை அண்ணையிட்டை அஞ்சு."

ஒருத்தி விரல்விட்டு எண்ணினாள்.

"எடியே, பதினொண்டு!"

"கப்டன் ஆர்? அதிலைதானே கிரேக்கர் திரும்ப அடிபட்டவை."

"முதல் பாதிக்கு உன்ரை அண்ணை, மற்றப் பாதிக்கு என்ரை அண்ணை."

கிழக்குக் கப்டனின் தங்கை உடனே போன் எடுத்தாள்.

"அண்ணை, கத்தாமல் கேளுங்கோ. உங்களிட்டைக் கோல்கீப்பர் இருக்கிறாரோ? மேற்குக் கழகத்திட்டை ஒருத்தர் இருக்கிறார், ரண்டு பகுதியும் சேர்ந்து விளையாடுங்கோ."

மறுமுனை சொன்னதைக் கேட்டுவிட்டு, அவள் தோழியின் பக்கம் திரும்பினாள்.

"பின்னேரம் உங்கடை கிரவுண்டுக்கு வாறாராம். பந்தையும் தானே கொண்டுவருவாராம்."