சொல்லாத துயரையும் கண்டுகொண்ட ஜெபசீலி டீச்சருக்கு

அன்பே அணியாக, அடக்கமே அழகாக, ஆசிரியர் அறையின் சன்னலோர நாற்காலியை எங்களுக்கெல்லாம் அடைக்கலமாக்கிய அம்மையீர்! நாகர்கோவிலில் பிறந்து, ஜனக்புரியில் வேர்விட்டு, தில்லித் தமிழ்ப் பிள்ளைகளின் நாவில் தமிழைத் தவழவிட்டு, இன்று பணி ஓய்வு பெறும் தமிழாசிரியை திருமதி ஜெபசீலி ரத்தினராஜ் அவர்களே! வணக்கம்.

இந்தியில் கனவு காணும் பிள்ளைகளுக்கு ழகரம் பழக்கினீர்கள். 'பையா' என்று அழைத்த வாய்களை 'அண்ணா' என்று அழைக்க வைத்தீர்கள். அதைப் பாராட்டப் பலர் வருவார்கள். உடன் பணியாற்றிய நாங்கள் பாராட்ட வந்தது உங்கள் கண்களை. வாய் மறைத்ததை நடையில் படித்துவிடும் கண்கள் அல்லவா அவை!

சென்ற குளிர்காலத்தில் நடந்ததை இந்த அவையில் சொல்கிறோம். சொல்லும்படி கேட்டுக்கொண்டவர் கணித ஆசிரியை கவிப்ரியாவே.

மழலையர் வகுப்புத் தாழ்வாரம் வழியாகத்தான் அவர் தினமும் வருவார். அவிழ்ந்து கிடக்கும் ஷூ லேசுகளைக் குனிந்து கட்டிவிட்டுத்தான் மேலே நடப்பார். விடுமுறை முடிந்து வந்தபின் அந்த வழியையே விட்டார். மூடுபனியில் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். உடம்பைக் குறைக்கிறார் என்று கேலி பேசினோம், அவரும் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. மறுநாள் காலை, வலிக்கும் முழங்காலோடு, சால்வையைப் போர்த்திக்கொண்டு அவருடன் மைதானத்தைச் சுற்றினீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே.

அந்த வாரம் ஆண்டு விழா வேலைகளைப் பிரித்துக் கொடுத்த துணை முதல்வர் கஸ்தூரிரங்கன் அவர்கள், "எல்கேஜி டான்ஸ கவிப்ரியா பாத்துக்கட்டும். அச்சா, அடுத்தது என்ன? ஜல்தி!" என்றார். கவிப்ரியா தலைகுனிந்தார். நீங்கள் எழுந்தீர்கள்.

"சார், அந்த டான்ஸ நான் சொல்லிக் குடுக்கேன். எனக்கு ரொம்ப நாள் ஆச."

அறையே சிரிப்பில் அதிர்ந்தது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

மறுநாள் மைதானத்தில் கவிப்ரியா உடைந்து அழுதார். வயிற்றில் வளர்ந்த குழந்தையை விடுமுறையில் இழந்திருந்தார். கருவுற்றதையே யாரிடமும் சொல்லாதவருக்கு, இழந்ததைச் சொல்லவும் வழியில்லாமல் போயிற்று. வேலையை விட்டுவிட்டுக் கரூருக்கே திரும்பிவிட முடிவு செய்திருந்தார்.

"உங்க சாமி இதையெல்லாம் பாத்துட்டுத்தானுங்க டீச்சர் இருந்தாரு?" என்று கேட்டார். பெற்ற மகளை அழைப்பதுபோல், உங்கள் ஊர் வழக்கில் 'மக்களே' என்றழைத்துச் சொன்னீர்கள்:

"பாத்துட்டுதான் இருந்தாரு மக்களே. ஏன் இப்பிடி ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா எங்க இயேசு, அழுதவங்களோட சேந்து அழுதவரு. அவரக் கும்பிடுற நான் ஒன் மொகத்தப் பாக்காமப் போனா எப்பிடி?"

அதற்குமேல் போதனை ஏதும் இல்லை. மணி அடித்த பிறகும் இருவரும் அங்கேயே நின்றீர்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கவிப்ரியாவையும் கணவர் அர்ஜுனையும் வீட்டுக்கு அழைத்து, மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும் பரிமாறினீர்கள். வாய் ஓயாமல் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்த அர்ஜுனின் தட்டு அப்படியே இருப்பதைக் கண்டு, "நீ எப்பிடி இருக்க மக்களே?" என்று கேட்டீர்கள். அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. அவரும் தனியே அழுதுகொண்டிருந்தார் என்பதைக் கவிப்ரியா அறிந்தது உங்கள் சாப்பாட்டு மேசையில்தான். கரூர்ப் பயணம் நின்றது. கவிப்ரியா எங்களோடு இருக்கிறார். நீங்கள் சொல்லிக்கொடுத்த நடனம் மேடையில் பாதியில் குழம்பிப் போனதும், நீங்களே இறங்கி ஆடிக்காட்டியதும் வேறு கதை!

எங்கள் அருமை டீச்சரே! சில வாரங்களாக நீங்கள் வழக்கத்தைவிட அதிகம் சிரிக்கிறீர்கள். "இனிமே ஜாலிதான்" என்கிறீர்கள். பள்ளி விட்ட பிறகும் கிளம்பத் தயங்குகிறீர்கள். ரத்தினராஜ் ஐயா இல்லாத வீட்டில் பகல் எவ்வளவு நீளமானது என்பதை நீங்கள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கப் போவதில்லை. ஞாயிறுதோறும் கவிப்ரியாவும் அர்ஜுனும் வருவார்கள். மற்ற நாட்களில் எங்களில் யாராவது வந்து மணியை அழுத்துவோம். கதவைத் திறந்தால் போதும்.

நீங்கள் வணங்கும் இறைவன் உங்களுக்கு நலமும் நெடுநாளும் அருளட்டும்! நாங்கள் வணங்கும் தெய்வங்களும் அதற்கு ஆமென் சொல்லட்டும்!

இப்படிக்கு,
உங்கள் பார்வையில் பத்திரமாக இருந்த
ஆசிரியர்களும் அலுவலர்களும்,
ஜனக்புரி, புதுதில்லி.