பாட்டு எப்போது நின்றது

"செத்தவனப் புடிச்சாலும் பாயிண்ட்டு பாயிண்ட்டுதானே?"

எழுபதுகளில் ஒரு மத்தியானம், காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டை போகும் பஸ்ஸில் என் முன்சீட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் நரைத்த மீசைக்காரர், ஐயம்பேட்டை. பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த வழுக்கைத் தலையர் முசரவாக்கத்துக்காரர். ஒருகாலத்தில் இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்சியில் சடுகுடு ஆடியவர்கள் என்று பேச்சில் புரிந்தது.

"எங்க தணிகாசலம் மாதிரி எவம்பா பாடினான்? பாலாத்து மணல்ல அவன் மூச்சுவுடாம சடுகுடு பாடிக்கினு வந்தா அக்கரைக்கே கேக்கும்" என்றார் வழுக்கைத் தலையர்.

"மாட்டுப்பொங்கல் அன்னிக்கு மத்தியானம் எங்க வூட்லதான் கறிசோறு துன்னான். சாயங்காலம் ஆட்டத்துல நான் அவன் காலப் புடிச்சேன். கை நடுக்கோட்டுல பட வுழுந்தான். நான் ஜெயிச்சோம்னு குதிக்கிறேன், அவன் எழுந்துக்கவே இல்ல."

"ஒருநாள் காய்ச்சல்னு படுத்தவன் இல்ல. இதயம் நின்னுபோச்சுன்னாரு டாக்டரு."

"அவன் பாட்டு நின்னப்புறம்தான் நான் புடிச்சேன். பாயிண்ட்டு எங்களுது. நீதான், கோட்டத் தொடுற வரைக்கும் பாடிக்கினே இருந்தான்னு பத்து வருஷமா சாதிக்கிற."

வழுக்கைத் தலையர் ஜன்னல் வழியே வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தார்.

"கை கோட்டுல வுழசொல்ல பாட்டு இல்லப்பா. நீ தொடறதுக்கு முன்னாடியே நின்னுபோச்சு. பாயிண்ட்டு உங்களுதுதான்."

"நெஜமாவா சொல்ற?"

"நான்தான் கோட்டாண்ட நின்னுக்கினு இருந்தேனே."

ஐயம்பேட்டை வந்ததும் மீசைக்காரர் எழுந்து, கம்பியைப் பிடித்தபடி குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"அப்போ, நான் புடிச்சதால அவன் சாவல?"