பழனியம்மாள எங்க போயிக் கூட்டியாறது

ஆமா, அம்மா உள்ளதான் இருக்காங்க. வருவாங்க, செத்த நேரம் உக்காருங்க. மதுரையிலருந்து இம்புட்டு வெயில்ல கார ஓட்டிக்கிட்டு வந்துருக்கீங்க, வந்ததும் வராததுமா மேரி எங்க, மேரி எங்கன்னா எப்படி. அந்தச் சேர் வேணாம் சார், கால் ஆடும். இதுல உக்காருங்க.

சார்னுதான் கூப்டேன். முன்னாடி மாமான்னு கூப்டேன், இல்லங்கல. பொன்னுத்துரை மாமா வந்துருக்காக, டீயப் போடும்மான்னு வாசல்லருந்தே கத்துவேன். அது அப்ப. இப்ப நீங்க பெரிய எழுத்தாளர். மாமா கீமான்னா ஒங்க வாசகருங்க என்னையும் ஒரு போட்டோ போட்டு உரிச்சுருவாங்க.

பையில என்னது, சால்வையா? நல்லாருக்கு, சரிக கரையெல்லாம் போட்டுருக்கு. அம்மாவுக்குப் போத்தி, பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்து, மனக்கசப்பு நீங்கியது நண்பர்களேன்னு போடணும். அதான? நான் எப்படிக் கண்டுபிடிச்சேனா? ஒங்க போஸ்ட்டு பூராம் எனக்கு மனப்பாடம். அடுத்த மாசம் ஒங்களுக்கு விருது குடுக்குறாங்க. அந்தக் குழுவுல யாரோ ஒருத்தர் கேட்டுட்டாராம், நீங்க போட்ட அந்த ஆடியோ என்னமோ கத சொல்ற மாதிரில்ல இருக்குன்னு. நானும் படிச்சேன். அதுக்கப்புறந்தான் ஒங்களுக்கு எங்க வீட்டு வழி ஞாபகம் வந்துருக்கு.

அய்ய, கோவமெல்லாம் இல்ல. என் வாய் இப்படித்தான், சும்மா கிடக்காது. ஒங்களுக்குத் தெரியாததா. யாரு பேசுனாலும் அப்படியே திருப்பிப் பேசிருவேன். போன மாசம் பஸ்ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு, நெலக்கோட்ட நெலக்கோட்டேய், சித்தையன்கோட்ட ஏறு ஏறுன்னு கண்டக்டரு மாதிரி கத்துனேன். பூக்கூடையத் தூக்கிட்டு ஒரு அம்மா நெசமாவே ஓடியாந்துருச்சு. அப்புறம் அதுகிட்ட நான் வாங்குன வசவு இருக்கே, அதையும் பேசிக் காட்டுவேன். மாதா கோயில்ல பங்குச்சாமி மாதிரி பேசி, பாட்டு டீச்சர்ட்ட முட்டி போட்டுருக்கேன். ஒங்களையும் பேசுவேன். பேசட்டா? அம்மா வர்ற வரைக்கும் பொழுது போகணும்ல.

நண்பர்களே, கனத்த இதயத்தோடு இதை எழுதுகிறேன். பல இரவுகளாக எனக்கு உறக்கமில்லை. இந்த எடத்துல ஒரு இருமல். நீங்க மைக் முன்னாடி இருமுவீங்கள்ல, யாராச்சும் தண்ணி கொண்டாந்து குடுக்குற வரைக்கும், அந்த இருமல். என் படைப்பை விமர்சிக்கட்டும், என்னை ஏன் வதைக்க வேண்டும்.

சிரிக்கிறீங்க பாருங்க. ஒங்களுக்கே நல்லாருக்குல்ல.

அப்படி என்னா வதச்சாங்க சார் எங்கம்மா? ஒங்க நாவல ஒரு எழுத்து விடாமப் படிச்சாங்க. அடுப்புல வெஞ்சனம் தீயுறது தெரியாமப் படிச்சாங்க. நல்லாருக்குற எடத்தெல்லாம் நல்லாருக்குன்னு பேஸ்புக்குல எழுதுனாங்க. கடைசியில ஒத்த வரி, இந்த நாவல்ல வர்ற பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் ஒரே மாதிரி அழுகுறாங்க, ஒருத்திக்காவது கோவம் வரக்கூடாதான்னு. அவ்வளவுதான். அதுக்குக் கீழ நாலஞ்சு பேரு சிரிச்சு வச்சுட்டாங்க. அம்மா எழுதுனத நீங்க தாங்கியிருப்பீங்க, அந்தச் சிரிப்பத்தான் தாங்க முடியல. சரிதான? சொல்ல வேணாம், மூஞ்சியிலயே தெரியுது.

மறுநா காலையில ஒங்க போஸ்ட்டு. ஓர் ஆசிரியை, ஆள் திரட்டி, குறிவைத்து. பேரு போடல, அம்புட்டு நல்லவரு நீங்க. திண்டுக்கல்லுன்னு போட்டீங்க, டீச்சர்னு போட்டீங்க, சிறுகதை எழுதுறவங்கன்னு போட்டீங்க. எங்க தெரு நாய்க்குக்கூட தெரிஞ்சுபோச்சு யாருன்னு.

அப்புறம் வந்தாங்க பாருங்க ஒங்க ஆளுங்க. ஒரு அண்ணன் இருக்காரு, ஒங்களோடு நிற்கிறோம் தோழர்னே போடுவாரு. எல்லா போஸ்ட்டுலயும் நிக்கிறாரு, மனுசனுக்குக் கால் வலிக்கவே வலிக்காது. ஒரு அக்கா, மனம் பதறுகிறது, இன்று உணவே இறங்கவில்லைன்னு எழுதுச்சு. பாவம்னு நெனச்சேன். அம்மா ஆண்டுவிழாவுல நின்ன போட்டோவத் தேடி எடுத்து, அதுலயும் வாயத் தொறந்து பேசிக்கிட்டுருக்குற ஒண்ணாப் பாத்து எடுத்துப் போட்டது அந்த அக்காதான். அதுக்கடியில என் வயசுப் பய ஒருத்தன், இந்த வாயா புள்ளைங்களுக்குத் தமிழ் நடத்துதுன்னு. எண்ணூறு சிரிப்பு. அந்தச் சிரிப்பு ஒங்களுக்கு ஒறைக்கலல்ல.

நீங்க எழுதலதான். நீங்க ஒரு வரி மோசமா எழுதல. ஹார்ட்டு மட்டும் குடுத்தீங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒக்காந்து குடுத்துருக்கீங்க, வெரல் நோகலையா?

டீ வரும் சார். மிக்சி ஓடுதுல்ல, சட்னி அரைக்கிறாங்க. முடிச்சுட்டு வருவாங்க.

அது வரைக்கும் அம்மா பேசாமத்தான இருந்தாங்க? போன ஆப் பண்ணி அரிசி டப்பாமேல வச்சுட்டு, ஓய்ஞ்சுரும்னாங்க. நம்ம பொன்னுத்துரைதான, கோவம் அடங்குனா போன் பண்ணுவாருன்னாங்க. நம்மன்னு சொன்னாங்க சார். ஓய்ஞ்சுதான் போயிருக்கும். நீங்கதான் அந்த ஆடியோவப் போட்டீங்க.

அம்மா கதைய எழுத மாட்டாங்க, சொல்லுவாங்க. அந்தப் பழக்கத்தக் குடுத்ததே நீங்கதான. பேனா எடுத்தா நீ டீச்சராயிர்ற மேரி, வாயால சொல்லி எனக்கு அனுப்பு, அப்புறமா எழுதிக்கன்னு இதே சேர்ல ஒக்காந்து சொன்னீங்க. அன்னைலருந்து சப்பாத்தி தேய்க்கையில, துணி காயப்போடையில, போனத் தோள்ல இடுக்கிக்கிட்டுக் கத சொல்லுவாங்க. கெழவி வந்தா கெழவியாப் பேசுவாங்க, போலீஸ்காரன் வந்தா போலீஸ்காரன். எனக்கு இந்தக் கிறுக்கு எங்கருந்து ஒட்டுச்சுன்னு நெனக்கிறீங்க? சொல்லி முடிச்சதும் ஒங்களுக்கு அனுப்புவாங்க. அனுப்பிட்டு இங்க அழிச்சுருவாங்க, போன்ல எடம் இல்லன்னு. ஏம்மா அழிக்கிறன்னா, அவர்ட்ட பத்திரமா இருக்கு, வேணுங்கறப்பக் கேட்டு வாங்கிக்கலாம்பாங்க.

அந்தப் பழனியம்மாள் கதையும் அப்படி அனுப்புனதுதான. நெலக்கோட்டப் பூ மார்க்கெட்டுல மல்லிப்பூ கொண்டாந்து போடுற பொம்பள. எடையில ஏமாத்துன தரகன நடு மார்க்கெட்டுல நிறுத்தி வைவா. நாலு பேரு முன்னாடி ஒன் துணிய உருவாம விடமாட்டேன், நீயா கயித்துல தொங்குற வரைக்கும் ஒன்னைய விடமாட்டேன்டா. முன்னாடி பூ வாங்குற சத்தம் வரும், பின்னாடி தரகன் கெஞ்சுறது வரும், அதையும் அம்மாதான் பேசியிருப்பாங்க. நீங்க முன்னையும் பின்னையும் நறுக்கிட்டு நடுவுல உள்ளத மட்டும் போட்டீங்க. பத்து செகண்டு வராது. மேல என்ன எழுதுனீங்க? அந்த ஆசிரியை எனக்கு அனுப்பிய குரல். பொய்யே இல்ல பாருங்க. ஆசிரியைதான், ஒங்களுக்குத்தான் அனுப்புனாங்க, அவங்க குரல்தான். எழுத்தாளர்னா இப்படி இருக்கணும்.

ஸ்கூலுக்கு போன் மேல போன். ஹெச்செம் சிஸ்டரு அம்மாவ ரூமுக்குக் கூப்டாங்க. கமிட்டின்னு நாலு பேரு. அப்பா வெளிய வராண்டாவுல நின்னாரு, எல்லாத்தையும் கேட்டாரு. சிஸ்டரு எப்படிக் கேட்டாங்கன்னா, மூக்கு வழியா பேசுவாங்க அவங்க. இந்தக் குரல் ஒங்களுதா டீச்சர்? அம்மா சொல்லியிருக்காங்க, குரல் என்னுது சிஸ்டர், பேசுனது பழனியம்மாள். ஒடனே கமிட்டிக்காரரு, தொண்டையச் செருமிக்கிட்டு, யாருங்க அந்தப் பழனியம்மாள், அட்ரஸ் சொல்லுங்க, ஆளக் கூட்டியாங்க, விசாரிச்சுருவோம்.

சிரிப்பு வருதுல்ல. எங்கப்பா சொல்றப்ப எனக்கும் வந்துச்சு. கதையில உள்ள பொம்பளைய எங்க போயி சார் கூட்டியாறது?

முழு ஆடியோவக் குடுங்கன்னு கேட்டாங்க. அது ஒங்கட்டதான இருக்கு. அம்மா அங்கயே வச்சு ஒங்களுக்கு போன் அடிச்சாங்க, போகல. அம்மாவ நீங்க பிளாக் பண்ணியிருந்தீங்க. அப்பத்தான் அம்மா ஒரு காரியம் பண்ணுச்சு. கத சிஸ்டர் இது, கேளுங்க, நான் சொல்லிக் காட்டுறேன்னு எந்திரிச்சு நின்னு, அந்த ரூமுல, அந்த நாலு பேரு முன்னாடி பழனியம்மாளாவே பேசிக் காட்டியிருக்கு. துணிய உருவாம விடமாட்டேன், கயித்துல தொங்குற வரைக்கும் விடமாட்டேன்டான்னு. வெளிய நின்ன அப்பாவுக்கு மயிரு கூச்செறிஞ்சு போச்சாம். கமிட்டிக்காரரு பேப்பர்ல எழுதிக்கிட்டே வாய்விட்டுப் படிச்சுருக்காரு, விசாரணையின்போதும் அதே மிரட்டலை மீண்டும் விடுத்தார்.

அம்புட்டுத்தான். லீவுல போகச் சொல்லிட்டாங்க, இன்னும் லீவுதான்.

வாம்மா. டீய அந்த ஸ்டூல்ல வையி. சார் மதுரையிலருந்து வந்துருக்காக.

எந்திரிக்காதீங்க சார், ஒக்காந்தே பேசலாம். பேசுங்க. சால்வையப் பிரிச்சுட்டீங்க, சரி போத்துங்க. ம். போத்தியாச்சு. போட்டோ எடுக்கணுமா, போன குடுங்க, எடுக்குறேன். இல்ல அம்மா, நீ போறதுன்னா போ. சால்வைய மடிச்சு ஸ்டூல்லயே வச்சுட்டியா. சரி, போம்மா.

போயிட்டாங்க. டீயக் குடிங்க, ஆறிரும். சக்கர கம்மியாப் போட்டுருக்காங்க, ஒங்களுக்குச் சுகர்னு மறக்கல பாருங்க.

நீங்க கூப்டது அம்மாவுக்குக் கேட்டுச்சு சார். காது நல்லாத்தான் கேக்குது.

அம்மா கோவமா இருந்தா காலையில எதுக்கு போன் பண்ணி வான்னு கூப்டணும்னு கேக்குறீங்க. நியாயந்தான். என்ன பொன்னுத்துர, ஆளையே காணோம், இந்தப் பக்கம் வரப்படாதா? முடிஞ்சது முடிஞ்சுபோச்சு, வீட்டுக்கு வாங்க, மொகத்தப் பாத்துப் பேசிக்குவோம்.

ஏன் டம்ளர வச்சுட்டீங்க? இந்தக் குரல்தான காலையில என் நம்பர்லருந்து கேட்டுச்சு. நல்லா வந்துருக்கா? அம்மாவ மட்டும் நான் பேசுனதே இல்ல சார். வீட்டுல இருக்குறவங்கள எதுக்குப் பேசிக்கிட்டு. இப்பத்தான் பழகுனேன்.

கத்தாதீங்க. ரெக்கார்டு எதுவும் பண்ணல, பயப்படாதீங்க. அது கதைன்னு எனக்குத் தெரியும் மேரி, ஆத்திரத்துல போட்டுட்டேன்னு போன்ல அழுதீங்க. கேட்டுக்கிட்டேன், அதோட சரி. அதப் போட்டா, அம்மா பேசாதத அம்மா பேசுனதா ஊருக்குக் காட்டுன மாதிரி ஆயிரும். அது ஒங்க வேல, எனக்கு வேணாம்.

பின்ன எதுக்கு வரவச்சேனா? அந்த முழு ஆடியோ. அது மட்டுமில்ல, அம்மா ஒங்களுக்குச் சொல்லி அனுப்புன கத அம்புட்டும். எனக்கு அனுப்பிட்டுக் கெளம்புங்க. நான் எங்கயும் போட மாட்டேன், ஸ்கூலுக்குக்கூடத் தர மாட்டேன், மாதா மேல சத்தியமா. கேக்கத்தான். அன்னைக்கு அந்த ரூமுல பழனியம்மாளாப் பேசிட்டு ஒக்காந்தாங்கள்ல, அதுதான் கடைசி. அப்புறம் அம்மா ஒரு வார்த்த பேசல. கோவத்துல இருக்காங்கன்னு இருந்தோம். மதுரைல பெரிய டாக்டர்ட்ட காட்டியாச்சு, தொண்ட நல்லாருக்குங்கிறாரு. ஜெபம்கூட ஒதட்டுலதான் ஓடுது.

அழிச்சுட்டீங்களா?

எல்லாத்தையுமா? வக்கீல் சொன்னாரா. சரி. நறுக்குனது போக மிச்சத்த அழிச்சுருங்கன்னு வக்கீல் சொன்னாரு, நீங்களும் அழிச்சுட்டீங்க. சரி சார். இல்ல, போன நீட்ட வேணாம், நம்புறேன். ஒங்க மூஞ்சியப் பாத்தாத் தெரியுது.

அந்தப் போஸ்ட்டத் தூக்கிர்றேங்கிறீங்களா? இப்பவே வேணாலும் தூக்குங்க. தூக்குனாலும் ஒண்ணுமில்ல, நான் அந்தத் துண்டு ஆடியோவ எறக்கி அப்பா போன்ல ஏத்திக் குடுத்துட்டேன். அவருதான் கேட்டாரு. நெலக்கோட்டைலருந்து பூ லோடு ஏத்திக்கிட்டு வேன் ஓட்டுறாருல்ல, வழியெல்லாம் முன்னாடி பாட்டுதான் போடுவாரு. இப்ப அதத்தான் போடுறாரு. முடிய முடியப் போடுறாரு. கூட வர்ற லோடுமேன் கேட்டுருக்காரு, யாருண்ணே இது, விடிஞ்சதுலருந்து இப்படி வைய்யுதுன்னு.

வீட்டுல பேசுறாகடா, சும்மா இருன்னுருக்காரு அப்பா.