அருணாசலம் வீட்டுக் கணப்பு

மார்கழியில் கொல்லிமலைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். அதனால்தான் காப்பித் தோட்டக்காரர் அருணாசலம், ஏற்காட்டில் துரைமார் பங்களாவைப் பார்த்துவிட்டு வந்து, தம் வீட்டில் கணப்பு வைத்தார். பின்கட்டில் ஒரே அடுப்பு. அதன் சூடும் புகையும் தரைக்கடியில் செங்கல் குழாய்களில் ஓடி, எல்லா அறைகளையும் வெதுவெதுப்பாக்கிவிட்டுப் புகைபோக்கி வழியாக வெளியேறும். கட்டியவன் நான். திண்ணனூர் நாட்டுக் கொத்தன் செங்கோடன் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

தரையில் விரிசல் விட்டால் அறைக்குள் புகை கசியும். எந்த அறை என்று கண்டுபிடிக்க, புகைபோக்கியைச் சாக்கால் அடைத்துவிட்டு அடுப்பில் பச்சைப்புல்லை மூட்டுவேன். வீட்டுக்காரர் மனைவி ருக்குமணியம்மா கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி திணித்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக உட்கார்ந்து பார்ப்பார். புகை வந்தால் கூப்பிடுவார். விரிசல் உள்ள அறையிலிருந்துதான் குரல் குழாய் வழியே அடுப்படிக்கு வரும். காத்திருக்கும்போது அவர் பாடுவார், தனக்குத்தானே பேசிக்கொள்வார். அது எனக்கு மட்டும் கேட்கும்.

அடுத்த வருஷமும் விரிசல் விட்டது. அதற்கடுத்த வருஷமும். பூசும்போது சுண்ணாம்பைக் குறைத்தால் போதும். அருணாசலம் முகம் சுளிக்காமல் கூலி கொடுத்தார். கூலிக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இந்த மார்கழியில் அவர் சொன்னார்: "உன்ற வேலைல குத்தமில்ல, செங்கோடா. ஊடுதான் சரியில்ல. சேலத்துல இருந்து இரும்படுப்பு வருது. வந்ததும் குழாயெல்லாம் மூடிரு."

இரும்பு விரிசல் விடாது. அதுவரை குளிர் தாங்க வேண்டுமே, கடைசியாக ஒருமுறை பழுது பார்க்கிறேன் என்றேன்.

அன்று அருணாசலம் தோட்டத்தில் இருந்தார். நான் புல் போடவில்லை, கரி போட்டேன். கரிக்குப் புகை கிடையாது. அடைத்த குடிசையில் கரி மூட்டிப் படுக்கக் கூடாது என்பது எங்கள் மலையில் குழந்தைக்கும் தெரியும். ருக்குமணியம்மா மலைக்குக் கீழே, காளப்பநாயக்கன்பட்டியில் பிறந்தவர்.

"ஒண்ணும் வரலியே, செங்கோடா."

"இன்னுங் கொஞ்சம் உக்காருங்கம்மா."

வெகுநேரம் கழித்து, தலை கனக்கிறது, தூக்கமாக வருகிறது என்றார்.

"தூங்குங்க சாமி" என்றேன்.

கொன்றேன் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். நான் அவரை அந்த வீட்டிலேயே இருத்தினேன், அவ்வளவுதான்.

கருமாதி முடிந்ததும் குழாய்களை நானே மூடினேன். சுண்ணாம்பில் குறை வைக்கவில்லை. அப்புறம் நானாகத்தான் இங்கே வந்தேன், இங்கே கணப்பு கிடையாது என்பதால்.

ஆனால் உங்கள் லாக்கப் தரையில் எங்கோ ஒரு விரிசல் இருக்கிறது, ஐயா. ஒன்றும் வரவில்லையே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கொஞ்சம் சுண்ணாம்பு கொடுங்கள். கூலி வேண்டாம்.