யார் வீட்டில் யார் கேட்பது

"எங்க சாமியப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதுடி."

சோழவந்தான் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து இது கேட்டதும் என் தூக்கம் கலைந்துவிட்டது. பிளஸ் ஒன் பிள்ளைகள் இருவர். இலக்கியம், வரலாறு, சமயம், அரசுத் திட்டம் என்று பள்ளியில் ஆய்வுத் தலைப்புகளைக் குலுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பூசாரி மகள் மீனாவுக்குக் கிறிஸ்தவர்களின் சாம்பல் புதன், சர்ச்சுக்குப் போகும் ஜெனிபருக்குக் கோயில் பூசை. ஜெனிபர் மாற்றிக்கொள்ளலாம் என்கிறாள்; அதற்கு மீனா சொன்னதுதான் என் காதில் விழுந்தது.

"உங்கப்பாகிட்டயே கேக்கலாம்ல?"

"சாமிக்குப் படைக்கும்போது எதுக்குப்பா திரை போடுறீங்கன்னு ஒருதரம் கேட்டேன். பூசாரி மக கேக்குற கேள்வியாடி இதுன்னு வஞ்சாரு. நீ கேட்டா காபி குடுத்து உக்கார வச்சுச் சொல்லுவாரு."

ஜெனிபர் சிரித்தாள். "எங்கம்மாவும் அப்படித்தான். நெத்தியில எதுக்குச் சாம்பல்னு நான் கேட்டா, விசுவாசம் போச்சேன்னு முழங்கால் போட வச்சிரும். நீ கேட்டா கேக்கு கிடைக்கும்."

"அப்ப மாத்த வேணாம். சனிக்கெழம எங்க வீட்டுக்கு வா."

"வாரேன். நீ இருப்பேல்ல?"

"அடுப்படியில இருப்பேன். அப்பாவக் கொஞ்சம் சத்தமாச் சொல்லச் சொல்லு. அந்தத் திரை எதுக்குன்னு எனக்கும் தெரியணும்."