இடுப்புப் பூட்டு

யுத்தம் முடிந்த வருடம், கல்முனை பஸ்ஸில் என் முன் சீட்டில் அக்காவும் தங்கையும் டொக்டரைக் கண்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தங்கையின் மடியில் அவளுடைய நாலு வயது மகன் தூங்கினான்.

"ராத்தா, என்ட இடுப்புப் பூட்டு இளகிக் கிடக்காம்," என்றாள் அக்காவிடம்.

"பூட்டா? அதத் திறக்கிற திறப்பு மச்சான்ட கையிலயா?"

இருவரும் சிரித்தார்கள்.

"எலும்பு பொருந்துற இடந்தான் பூட்டாம். வயித்தில புள்ள இருக்கக்குள்ள, அது வெளிய வர வழிவிட்டு அந்த நாரெல்லாம் தானா இளகுமாம். எனக்கு இவன் பொறந்த பொறகும் இறுகல்லயாம்."

"அப்ப சுனாமியண்டு நீ..."

"ஓம். அப்ப இவன் வயித்தில. மூத்தவளத் தூக்கிட்டு ஓடக்குள்ள இடுப்பு விட்டுட்டு. விழுந்தன். அவளக் கடல் எடுத்திட்டு. மாமி இன்னும் என்ட சோம்பல் எண்டுதான் கதைக்கிறா."

"டொக்டர் சொன்னத மாமிட்டச் சொல்லன்."

"வேணாம் ராத்தா. இவன் வாறதுக்குத்தானே இளகினது. சோம்பேறிப் பேரு எனக்கே இருக்கட்டும்."